கொழும்பு அரச பாடசாலைகளில் வகுப்பு நெரிசல்: தமிழ்மொழிமூலப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பு வடக்கில் ஒரு மாகாணப் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்தில் சில வருடங்கள் வேலை செய்தேன். அதனால் முதலாம் தர நேர்முகப் பரீட்சைக் காலம் வந்தால் வீட்டுத் தொலைபேசி ஓயாது. "வகுப்பில் 46 பிள்ளைகளாம், யாரிடம் போய்ச் சொல்வது?" என்பதுதான் பாதிப் பேரின் கேள்வி. திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இது அரச பாடசாலைகளைப் பற்றியது மட்டும். தனியார், சர்வதேச பாடசாலைகளின் கதை வேறு.

ஒரு வகுப்பில் இத்தனை பிள்ளைகள்தான் இருக்கலாம் என்று விதி இருக்கிறதா?

இருக்கிறது. முதலாம் தரச் சேர்க்கைக்கு கல்வி அமைச்சு ஒவ்வொரு வருடமும் வெளியிடும் அறிவுறுத்தலில் ஒரு வகுப்புக்கான உச்ச எண்ணிக்கை இருக்கும். அண்மைய வருடங்களில் அது 35க்கும் 40க்கும் இடையில் நின்றிருக்கிறது.

ஆனால் அந்த எண்ணிக்கை முதலாம் தரத்தோடு நின்றுவிடுகிறது. தரம் 2இலிருந்து இடைத்தரச் சேர்க்கை தொடங்கும். இடமாற்றம் பெற்ற அரச ஊழியரின் பிள்ளை, அண்ணன் படிக்கிறான் என்று வரும் தம்பி, "மேலிடத்துக் கடிதம்" கொண்டுவருபவர் என்று ஒவ்வொருவராக வருவார்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பெறுபேறு வந்ததும் தரம் 6இல் அடுத்த அலை. 38 பிள்ளைகளோடு தொடங்கிய வகுப்பு ஏழாம் தரத்தில் 48 ஆவது இப்படித்தான். நெரிசலைக் குறைக்கக் கேட்பவர்கள் முதலாம் தரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றால் பாதி வேலைதான் நடக்கும்.

நாடு முழுக்க 17 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்கிறார்களே. பிறகெப்படி எங்கள் வகுப்பில் 46?

இரண்டும் உண்மை. இலங்கையில் ஏறக்குறைய 10,000 அரச பாடசாலைகள், சுமார் 40 இலட்சம் மாணவர்கள். ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்தால் 17 அளவில்தான் வரும். உலக வங்கிக்காரர் பார்த்தால்கூட "பரவாயில்லையே" என்பார்கள்.

ஆனால் அந்தக் கணக்கில் 50 பிள்ளைகளுக்கும் குறைந்த பாடசாலைகள் ஆயிரத்துக்கு மேல் சேர்ந்திருக்கின்றன. வகுப்பெடுக்காமல் வேறு கடமையில் இருப்பவர்கள், நீண்ட விடுமுறையில் இருப்பவர்கள், சங்கீத ரீச்சர், விளையாட்டு சேர் எல்லாரும் சேர்த்தி. சராசரி எவ்வளவு என்று தெரிந்து நமக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. உங்கள் பாடசாலையில், உங்கள் தரத்தில், ஒவ்வொரு வகுப்பின் வரவுப் பதிவேட்டிலும் எத்தனை பெயர் என்பதே தேவையான கணக்கு.

கொழும்பிலேயே இந்த ஏற்றத்தாழ்வைக் கண்ணால் பார்க்கலாம். பெயர்போன ஒரு பாடசாலையில் வகுப்புக்கு 45 பேர் இருப்பார்கள். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் இன்னொரு தமிழ்ப் பாடசாலையில் தரம் 3இல் மொத்தமே 14 பேர். இரண்டும் அரச பாடசாலைதான். ஒரே பாடநூல், ஒரே சீருடைத் துணி.

46 பேர் இருந்தால் அப்படி என்ன குறைந்துவிடும்? நாங்களும் அப்படித்தானே படித்தோம்?

ஒரு பாடவேளை 40 நிமிடம். 48 பிள்ளைகள் இருந்தால், ரீச்சர் வேறொன்றுமே செய்யாமல் ஒவ்வொருவரையும் பார்த்தாலும் ஆளுக்கு 50 விநாடி. 30 பேர் என்றால் 80 விநாடி. கொப்பி திருத்துவது, பெயர் கூப்பிடுவது, "ரீச்சர், இவன் என்ட பென்சிலை எடுத்துட்டான்" எல்லாம் இதற்குள்தான்.

பழைய அளவில் கட்டிய மண்டபங்கள் 80 அடிக்கு 20 அடி. அதை நான்காகத் தடுத்தால் ஒரு வகுப்பறை 20க்கு 20. அதற்குள் 46 பிள்ளைகள் என்றால் மேசை, கதிரை, புத்தகப்பை எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 9 சதுர அடிகூட இல்லை. ரீச்சர் வரிசைக்குள் நடக்க முடியாது. நடக்க முடியாத இடத்தில் கடைசி வரிசை தனி நாடு.

ஒரு தடவை இரண்டாம் தர வகுப்பொன்றின் பின்னால் அரைமணி நேரம் நின்று பார்த்தேன். கடைசி வரிசைப் பிள்ளைக்குக் கரும்பலகை தெரியவில்லை, முன்னால் இருந்தவனின் கொப்பியைப் பார்த்து எழுதியது. பக்கத்தில் இருந்தவள் இதைப் பார்த்து எழுதினாள். முதலாமவன் "வாழை"க்கு ள போட்டிருந்தான். மூன்று கொப்பியிலும் "வாளை". மணி அடித்தது. மூன்றும் திருத்தப்படாமலே பைக்குள் போயின. அந்த ரீச்சரில் ஒரு குறையும் இல்லை. அவர் அன்று காலையிலிருந்து உட்காரவேயில்லை.

நாங்கள் அப்படிப் படித்தது சரி. எங்களோடு படித்து, எட்டாம் தரத்தோடு காணாமல் போனவர்களின் பெயர்களையும் ஒருதரம் நினைத்துப் பாருங்கள்.

ரியூசன் வகுப்பில் 300 பேர் இருந்து படித்து "ஏ" எடுக்கவில்லையா?

எடுக்கிறார்கள். அது உயர்தரம். ஏற்கெனவே வாசிக்க, எழுத, குறிப்பெடுக்கத் தெரிந்த 18 வயதுப் பிள்ளை, மைக்கில் வரும் விரிவுரையைக் கேட்கிறது. ஏழு வயதுப் பிள்ளைக்குக் கூட்டெழுத்து அப்படி ஏறாது. இதனால்தான் காசு குறைவாக இருக்கும்போது தரம் 1, 2, 3 வகுப்புகளைத்தான் முதலில் சிறிதாக்க வேண்டும் என்கிறேன். உயர்தரம் கொஞ்சம் பொறுக்கலாம்.

வகுப்பைச் சிறிதாக்கினால் பலன் உண்டு என்று எங்காவது நிரூபித்திருக்கிறார்களா?

அதிகம் பேசப்படுவது அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985இல் தொடங்கிய பரிசோதனை. 79 பாடசாலைகளில் பாலர் வகுப்பு முதல் மூன்றாம் தரம் வரை பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சில வகுப்புகளில் 13 முதல் 17 பேர், மற்றவற்றில் 22 முதல் 25 பேர். சிறிய வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணிதத்திலும் முன்னுக்கு வந்தார்கள். வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பலன் கூடுதல். ஆனால் ஒன்று: அவர்களின் "பெரிய" வகுப்பு நமக்குக் கனவு வகுப்பு.

நமக்குக் கிட்ட வரும் கணக்கு இஸ்ரேலில் இருக்கிறது. அங்கே வகுப்புக்கு 40 என்பது வரம்பு. 41ஆவது பிள்ளை வந்தால் வகுப்பு இரண்டாகும், ஒன்று 20, மற்றது 21. இதனால் ஏறக்குறைய ஒரே மாதிரியான பாடசாலைகளில்கூட ஒன்றில் 40 பேர், இன்னொன்றில் 20 பேர் என்று அமைந்துவிடும். ஆங்ரிஸ்ட், லேவி என்ற இரு பொருளியலாளர்கள் அதை வைத்து ஒப்பிட்டு 1999இல் எழுதினார்கள். ஐந்தாம் தரத்தில் சிறிய வகுப்புகளின் புள்ளிகள் தெளிவாகக் கூடியிருந்தன.

எதிர்ப்பக்கமும் உண்டு. கலிபோர்னியா 1996இல் ஆரம்ப வகுப்புகளை அவசர அவசரமாக 20க்குக் குறைத்தது. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் ஆசிரியர் தேவைப்பட்டதால் பயிற்சி இல்லாதவர்களையும் எடுத்தார்கள். நல்ல பகுதிப் பாடசாலைகளில் புது இடம் திறந்ததும் வறிய பகுதிகளில் இருந்த அனுபவசாலிகள் அங்கே போய்விட்டார்கள். கொழும்பில் எல்லாப் பாடசாலைக்கும் ஒரே நாளில் "30 பேர்தான்" என்று உத்தரவு போட்டால், வெள்ளவத்தையில் வகுப்பு சிறிதாகும், மட்டக்குளியில் ஆசிரியர் இருக்கமாட்டார். அந்தப் பயம் எனக்கு நிறைய இருக்கிறது.

மாநகர சபைக்கு வீட்டு வரி கட்டுகிறோம். அவர்களிடம் கேட்கலாமா?

கொழும்பு மாநகர சபை அரச பாடசாலைகளை நடத்துவதில்லை. ஆசிரியரை நியமிக்கவும் முடியாது. வட்டார உறுப்பினரிடம் போய் "ஆசிரியர் தாருங்கள்" என்றால் அவர் சிரித்துப் பேசி அனுப்புவார், அவ்வளவுதான்.

ஆனால் அடியோடு ஒதுக்கவும் வேண்டாம். மேல்மாடி கட்டுவதானால் கட்டடத் திட்ட அனுமதி அங்கேதான். வடிகால், குப்பை, வாசலில் மஞ்சள் கோடு, பக்கத்து விளையாட்டுத் திடல், நூலகம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. பாடசாலையை ஒட்டி மாநகர சபைக் காணித் துண்டு சும்மா கிடந்தால், அதை வாங்கித் தரச்சொல்லிக் கேட்கவும் ஆள் அங்கேதான்.

அப்படியென்றால் காசு யார் கையில்?

முதலில் உங்கள் பாடசாலை எந்த வகை என்று பாருங்கள். இதைத் தெரியாமல் அலைந்தவர்கள்தான் அதிகம்.

தேசிய பாடசாலை என்றால் நேரே மத்திய கல்வி அமைச்சு, அதாவது பத்தரமுல்லை இசுருபாய. றோயல் கல்லூரி, பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி போன்றவை இந்த வகை. ஆசிரியர் நியமனம், இடமாற்றம், கட்டடம் எல்லாம் அமைச்சின் வரவு செலவுத் திட்டத் தலைப்பின்கீழ் வரும். நாட்டில் இப்படிப்பட்டவை 400 அளவில்தான்.

மற்றதெல்லாம் மாகாணப் பாடசாலை. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு இவை மாகாண சபையின் கீழ். கொழும்பு வலயக் கல்வி அலுவலகம், அதன்மேல் மேல் மாகாணக் கல்வித் திணைக்களம், அதன்மேல் மாகாணக் கல்வி அமைச்சு என்று படி ஏறும். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், கிராண்ட்பாஸ், தெமட்டகொடைப் பக்கத்துச் சிறிய தமிழ்ப் பாடசாலைகள் பெரும்பாலும் இந்தப் பக்கம்.

மாகாணத்துக்குக் காசு இரண்டு வழியால் வருகிறது. ஒன்று மத்திய திறைசேரியிலிருந்து, நிதி ஆணைக்குழுவின் சிபாரிசுப்படி வரும் கொடைகள். சம்பளத்தில் பெரும்பகுதியும் கட்டட வேலைகளுக்கான அபிவிருத்திக் கொடையும் இதில். மற்றது மாகாணத்தின் சொந்த வருமானம்: வாகன வருமான உத்தரவுப் பத்திரக் கட்டணம், முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம். ஒன்பது மாகாணங்களிலும் சொந்த வருமானம் அதிகம் உள்ளது மேல் மாகாணம்தான். "காசில்லை" என்று இங்கே சொல்பவரிடம் இன்னொரு கேள்வி கேட்கலாம்: "வேறு எதற்கு ஒதுக்கினீர்கள்?"

மாகாண சபையே இல்லையே. யாரிடம் போவது?

மேல் மாகாண சபையின் காலம் 2019 ஏப்ரலில் முடிந்தது. தேர்தல் முறையை மாற்றப்போய், எல்லை நிர்ணயம் சிக்கி, அதற்குப்பின் தேர்தல் இல்லை. ஆனால் நிர்வாகம் நிற்கவில்லை. ஆளுநரும் மாகாணச் செயலாளர்களும்தான் நடத்துகிறார்கள், மாகாணத்தின் வருடாந்த ஒதுக்கீட்டுக்கும் ஆளுநரின் ஒப்புதல்தான். கேள்வி கேட்க உறுப்பினர் இல்லை என்பது பெரிய இழப்பு. முன்பு பாடசாலைக் கூட்டத்துக்கு ஒரு மாகாண சபை உறுப்பினராவது வந்து பொன்னாடை வாங்கிக்கொண்டு போவார்.

இப்போதைக்கு ஆளுநர் செயலகத்துக்கு எழுத்தில் கொடுப்பதும், மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் மூலம் விடயத்தை எழுப்புவதும்தான் வழி. கொழும்பு நகருக்குள் கொழும்பு, திம்பிரிகஸ்யாய என்று இரண்டு பிரதேச செயலகங்கள். அவற்றின் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக்களிலும் பேசலாம்.

ஒரு வகுப்பை இரண்டாக்க உண்மையில் என்ன தேவை?

மூன்று: ஆசிரியர், அறை, தளபாடம். மூன்றும் மூன்று வேறு காசு. இது விளங்காவிட்டால் எந்தக் கூட்டத்திலும் உங்களை எளிதாகத் திசை திருப்பிவிடுவார்கள்.

தளபாடம்தான் மலிவு. மேசை, கதிரை வாங்க நாடாளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியோ பழைய மாணவர் சங்கமோ போதும்.

அறை மூலதனச் செலவு. ஒரு தரம் கட்டினால் முடிந்தது, திறப்பு விழாவும் பெயர்ப்பலகையும் வைக்கலாம். அதனால் அரசியல்வாதிகளுக்கு அதில் ஆசை. கொழும்பில் தரையில் இடமில்லை, மேலேதான் போக வேண்டும். பழைய கட்டடத்தின் அத்திவாரம் இன்னொரு மாடியைத் தாங்குமா என்று பொறியியலாளர் பார்க்காமல் ஒன்றும் நடக்காது. அந்த அறிக்கை இல்லாமல் திட்டம் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பவர்களைத் தெரியும்.

ஆசிரியர் மீண்டெழும் செலவு. ஒருவரை எடுத்தால் ஓய்வுபெறும் வரை சம்பளம், பிறகு ஓய்வூதியம். திறைசேரி தயங்குவது இதில்தான். ஆரம்பப் பிரிவில் ஒரு வகுப்பு கூடினால் ஓர் ஆசிரியர் கூட வேண்டும். தரம் 6க்கு மேல் கணக்கு வேறு. நாளுக்கு 8 பாடவேளை, வாரத்துக்கு 40. ஒருவர் வாரத்தில் 30, 32 பாடவேளை எடுத்தாலே களைத்துவிடுவார். ஆகவே ஒரு வகுப்புக்கு ஒருவருக்கு மேல் தேவை, அதுவும் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் என்று பாடவாரியாக.

புது மாடியைக் கட்டிவிட்டு, ஆசிரியர் இல்லாததால் அதை விழா மண்டபமாக்கிய கதை நம் நகரத்தில் உண்டு. நான் கூட்டத்தில் இருந்தால் முதலில் ஆசிரியரைக் கேட்பேன். ஆசிரியர் வந்தால் மரத்தடியிலோ நூலக மூலையிலோ கொஞ்சநாள் சமாளிக்கலாம்.

தமிழ்மொழிமூலத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு ஆசிரியர் தட்டுப்பாடு?

கல்வியியற் கல்லூரிகளிலிருந்து வரும் தமிழ்மொழிமூல டிப்ளோமா ஆசிரியர்களில் பலர் வடக்கு, கிழக்கு, மலையகத்துக்காரர். கொழும்பில் நியமனம் கிடைத்தால் அறை வாடகை, சாப்பாடு, பஸ் போக ஆரம்பச் சம்பளத்தில் மிச்சம் வைக்க முடியாது. கட்டாயக் காலம் முடிந்ததும் ஊருக்கு இடமாற்றம் கேட்பது நியாயம்தான். 2022இல் நெருக்கடி வந்தபோது அரச ஊழியருக்குச் சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போக வழி திறந்தார்கள். போனவரின் பதவி நிரம்பியதாகவே இருக்கும், வகுப்பில் ஆள் இருக்காது. அதே வருட இறுதியில் 60 வயது கடந்தவர்களும் ஒரே தடவையில் ஓய்வு பெற்றார்கள்.

சிங்களமொழிமூலப் பிரிவும் உள்ள பாடசாலைகளில் இன்னொரு சங்கதி. அங்கீகரித்த ஆளணியை, அதாவது பாடசாலைக்கு அனுமதித்த ஆசிரியர் எண்ணிக்கையை, மொழிவாரியாகப் பிரித்துப் பார்க்காவிட்டால், "மொத்தத்தில் வெற்றிடம் இல்லை" என்று பதில் வரும். தமிழ்ப் பிரிவில் விஞ்ஞானத்துக்கு ஆளே இருக்கமாட்டார். ஆகவே கேட்கும்போது "தமிழ்மொழிமூல ஆளணி எத்தனை, இருப்பவர் எத்தனை" என்று தனியாகக் கேளுங்கள்.

வரவு செலவில் செய்யக்கூடிய, அதிகம் செலவில்லாத காரியம் ஒன்று உண்டு: வெளியூர் ஆசிரியருக்கு விடுதி, அல்லது வாடகைப் படி. ஐந்து மாடி கட்டுவதைவிட இது பல மடங்கு மலிவு. ஆனால் இதற்கு யாரும் நாடா வெட்ட வரமாட்டார்கள்.

நாங்களே காசு சேர்த்து ஆசிரியர் வைத்தால் என்ன?

பல இடங்களில் அபிவிருத்திச் சங்கம் தொண்டர் ஆசிரியருக்குச் சிறு கொடுப்பனவு கொடுக்கிறது. அவசரத்துக்குச் சரி. எனக்கு இரண்டு ஆட்சேபம். வகுப்பில் ஆள் நிற்பதைக் கண்டால் வலயத்தில் அந்த வெற்றிடத்தின் அவசரம் போய்விடும். ஆகவே தொண்டர் ஆசிரியர் இருந்தாலும் வெற்றிடம் வெற்றிடமாகவே அறிக்கையில் போகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, மாதாமாதம் காசு கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு கூச்சம். துறைமுகத்தில் நாட்கூலிக்குப் போகும் அப்பாவிடம் இதைக் கேட்பது 1945இல் கன்னங்கர கொண்டுவந்த இலவசக் கல்விக்கு ஏற்ற காரியமா?

சேர்க்கைக்காகக் காசு கேட்டால் அது வேறு விடயம். அது இலஞ்சம், சட்டப்படி குற்றம். கொடுக்காதீர்கள். சங்கத்துக்குக் கொடுக்கும் எந்தக் காசுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

பக்கத்துச் சிறிய பாடசாலையில் 14 பேர்தான் என்றீர்கள். அங்கே சேர்க்கச் சொல்கிறீர்களா?

ஆரம்பப் பிரிவுக்கு, ஆம், போய்ப் பார்க்கவாவது சொல்கிறேன். முதலாம் தரச் சேர்க்கையில் பாதி இடம் வதிவிடத்துக்கு, கால்வாசி பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு. வதிவிடத்துக்குக் கிடைக்கும் புள்ளிக்காக வாடகை ஒப்பந்தம் எழுதி, ஐந்து வருடம் முன்பே வாக்காளர் இடாப்பில் பெயர் போட்டு, வீடே மாறுகிற குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. அவ்வளவு பாடும் பட்டு 46ஆவது கதிரை.

ஆனால் பெற்றோரைக் குற்றம் சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை. சிறிய பாடசாலைக்கு ஏன் போவதில்லை என்று கேட்டால் காரணம் தெளிவாகச் சொல்வார்கள்: ஆங்கில ரீச்சர் இல்லை, மலசலகூடத்தில் கதவில்லை, தரம் 5க்குப் பிறகு எங்கே போவது என்று தெரியவில்லை. இந்த மூன்றையும் தீர்க்க ஆகும் செலவு, நெரிசல் பாடசாலையில் புதுக் கட்டடம் போடும் செலவில் சிறு பங்கு. நெரிசலுக்கு இருக்கிற மிக மலிவான மருந்து இதுதான் என்பது என் முடிவு. மாகாண ஒதுக்கீட்டில் "வகுப்பறைக் கட்டடம்" என்று கேட்பதற்கு முன், பக்கத்திலுள்ள இரண்டு மூன்று சிறிய தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஆங்கில, கணித ஆசிரியரும் திருத்த வேலையும் கேளுங்கள். தரம் 6க்கு எந்தப் பாடசாலையில் இடம் என்று வலயம் எழுத்தில் உறுதி தந்தால் பாதிப் பயம் போய்விடும்.

சிலர் கேட்பார்கள், "உங்கள் பிள்ளை எங்கே படித்தது?" நியாயமான கேள்வி. ஐந்தாம் தரம் வரை மட்டக்குளிப் பக்கத்து ஒரு சிறிய பாடசாலையில், வகுப்பில் 19 பேரோடு.

பிறப்பு குறைகிறதாம். பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடாதா?

2019இல் நாட்டில் பதிவான பிறப்பு 3 இலட்சத்துக்கு மேல். 2024இல் 2 இலட்சத்து 20 ஆயிரம் அளவு. 2024இல் பிறந்தவர்களில் பெரும்பாலோர் 2030இல் முதலாம் தரத்துக்கு வருவார்கள். ஆசிரியரும் அறையும் இப்போது இருக்கிற அளவில் இருந்தாலே வகுப்புகள் சிறுக்கும்.

இருந்தால்தான். பிள்ளை குறைந்தால் ஆளணியையும் குறைக்கலாம், சிறிய பாடசாலைகளை இணைக்கலாம், மூடலாம் என்று திறைசேரி கணக்குப் பார்க்கும். 40 பேரோடு மூன்று வகுப்பை, 30 பேரோடு மூன்று வகுப்பாக விடுவதா, 45 பேரோடு இரண்டாக்குவதா? வரும் வருடங்களின் வரவு செலவில் ஓசைப்படாமல் எடுக்கப்போகும் தீர்மானம் இதுதான். புதிதாக ஒரு சதம் கேட்கத் தேவையில்லை, இருப்பதை வெட்டாதே என்று கேட்டால் போதும். ஒரு பாடசாலையை மூடிவிட்டால் கொழும்பில் அந்தக் காணி மறுபடி பாடசாலைக்குக் கிடைக்காது.

எந்த மாதத்தில் கேட்க வேண்டும்?

நிதியாண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. வழக்கமாக நவம்பரில் வரவு செலவுத் திட்ட உரை, டிசம்பரில் இறுதி வாக்கெடுப்பு. 2025ஆம் ஆண்டுக்கானது மட்டும் தேர்தல்களால் தள்ளிப்போய் பெப்ரவரியில் வந்தது. நவம்பரில் தொலைக்காட்சியில் உரையைப் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதுவது காலம் கடந்த காரியம். திணைக்களங்கள் அடுத்த வருடத் தேவையைத் தொகுப்பது நடு வருடத்தில். ஆகவே மே, ஜூன் மாதங்களில் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் தீர்மானம் எடுத்து, அதிபர் மூலம் வலயத்துக்கு அனுப்பிவிட வேண்டும். ஆசிரியர் இடமாற்றங்கள் வருட முடிவை ஒட்டி வரும். போகிறவருக்குப் பதில் ஆள் வரும்வரை விடுவிக்க வேண்டாம் என்று கேட்பதற்கும் அதற்கு முன்பே எழுத வேண்டும்.

கடிதத்தில் என்ன எழுதுவது?

"பிள்ளைகள் மிகவும் கஷ்டப்படுகிறார்கள், தயவுகூர்ந்து" என்று இரண்டு பக்கம் வேண்டாம். இப்படி ஒரு பந்தி போதும். எண்கள் உதாரணத்துக்கு:

"எமது பாடசாலையின் தரம் 3 தமிழ்மொழிமூலத்தில் 88 மாணவர்கள் 2 வகுப்புகளில் கற்கின்றனர். 3 வகுப்புகளாக்கினால் வகுப்புக்கு 29 அல்லது 30 பேர். இதற்கு ஓர் ஆரம்பப்பிரிவு ஆசிரியர் தேவை. வகுப்பறையாக, தற்போது களஞ்சியமாக உள்ள அறையைப் பயன்படுத்தலாம். மின்விளக்கு, இரண்டு மின்விசிறி, 30 தளபாடத் தொகுதி தேவை. அடுத்த ஆண்டுக்கான ஒதுக்கீட்டில் இதைச் சேர்க்குமாறும், சேர்க்க முடியாவிட்டால் காரணத்தை எழுத்தில் அறிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். தமிழிலேயே எழுதுங்கள், தமிழில் பதில் பெற அரசியலமைப்பில் உரிமை இருக்கிறது.

அதிபர் கடிதம் அனுப்ப மறுத்தால்?

அதிபர்தான் சங்கத்தின் தலைவர், அவரை ஒதுக்கிவிட்டு நடத்துவது கடினம். பெரும்பாலான அதிபர்களுக்கும் நெரிசல் தொல்லைதான். தங்கள் பெயரில் முறைப்பாடு போவதுதான் அவர்களுக்குப் பயம். ஆகவே சங்கத் தீர்மானமாக, கூட்ட அறிக்கையில் பதிந்து கொடுங்கள். அப்போது "பெற்றோர் கேட்கிறார்கள்" என்று அவரும் மேலே சொல்ல வசதி.

பிறகு பிள்ளையைப் பழிவாங்குவார்களோ?

ஒருவராகப் போகாதீர்கள். 20 பெற்றோர் கையெழுத்திட்டால் யாருடைய பிள்ளை என்று தேட மாட்டார்கள்.

பதிலே வராவிட்டால்?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. மாகாணப் பாடசாலை என்றால் மாகாணக் கல்வித் திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கு, தேசிய பாடசாலை என்றால் கல்வி அமைச்சின் தகவல் அலுவலருக்கு. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை அவர் அறிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்குமேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

"ஏன் நெரிசல்?" என்று கேட்டால் கட்டுரைதான் வரும். கோப்பில் இருக்கும் எண்களைக் கேளுங்கள்: வகுப்புவாரி மாணவர் எண்ணிக்கை, தமிழ்மொழிமூல அங்கீகரித்த ஆளணியும் தற்போது கடமையில் இருப்போரும், கடந்த மூன்று வருடங்களில் பாடசாலைக்கு ஒதுக்கிய தொகையும் செலவழித்த தொகையும், இடைத்தரங்களில் சேர்த்த மாணவர் எண்ணிக்கை. ஒதுக்கியதற்கும் செலவழித்ததற்கும் இடையில் வித்தியாசம் இருந்தால், அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாளை மட்டும் கொண்டுபோனால் போதும்.